எக்ஸ்ட்ரா டிரை என்றால் இனிப்பு

இத்தாலியின் பாதோவாவில் முதுகலை படித்த இரண்டு வருடமும் மாலை நேரங்களில் ஒரு ஒஸ்தெரியாவில் பரிமாறும் வேலை பார்த்தேன். ஒஸ்தெரியா என்பது ஏறக்குறைய நம் ஊர் மெஸ்தான். பத்து மேசை, கையால் எழுதிய மெனு, முதலாளியம்மாவே சமையல். ஒரே வித்தியாசம், சுவர் முழுக்க ஒயின் பாட்டில். ஊரில் அப்பாவிடம் "ஹோட்டலில் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

சேர்ந்து இரண்டாவது வாரம். வயதான தம்பதி ஒன்று வந்தது. பொரித்த கணவாய் கேட்டார்கள். "கூடவே நுரைக்கும் ஒயின் ஒன்று, இருப்பதிலேயே நல்ல செக்கோவாகக் கொண்டுவாருங்கள்" என்றார் அந்தப் பெரியவர். செக்கோ என்றால் உலர்ந்தது, அதாவது இனிப்பில்லாதது. அந்த அளவுக்கு இத்தாலியன் எனக்கு வந்திருந்தது. குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு பாட்டிலில் 'ப்ரூட்', இன்னொன்றில் 'எக்ஸ்ட்ரா டிரை', மூன்றாவதில் 'டிரை'. இதில் என்ன யோசனை? எக்ஸ்ட்ரா டிரையை எடுத்துப் போய் ஊற்றினேன்.

பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிக்கிறதே" என்றார்.

பதறிப்போய் உள்ளே ஓடினேன். எக்ஸ்ட்ரா டிரை சரியில்லை என்றால் விலை கூடிய பாட்டில் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்கு. இருந்ததிலேயே விலை அதிகமானது கார்தித்ஸே என்ற ஒயின். லேபிளில் 'டிரை' என்றும் இருந்தது. அதைத் திறந்து ஊற்றினேன். இந்த முறை அந்த அம்மாள் குடித்துப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முன்னதைவிட இது இன்னும் இனிப்பு. சத்தம் கேட்டு முதலாளியம்மா வெளியே வந்தார். மேசையில் இருந்த இரண்டு பாட்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு எக்ஸ்ட்ரா ப்ரூட் கொண்டுவந்து வைத்தார்.

கடை மூடியதும் மிச்சமிருந்த பாட்டில்களையும் நாலு கிளாஸையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். "இந்த வார்த்தைகளுக்கு அகராதியில் அர்த்தம் தேடாதே. ஒவ்வொன்றும் ஒரு எண். எண்ணைப் படித்துக்கொள், போதும்" என்றார். அன்றிரவு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்ட கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எல்லாமே ஒரு லிட்டரில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற கணக்குதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வகுத்த எல்லைகள் இவை. 3 கிராமுக்குக் குறைவாக இருந்து, கடைசியில் சர்க்கரை எதுவும் சேர்க்காமல் விட்டால் 'ப்ரூட் நேச்சர்'. இத்தாலியில் இதையே 'பா தொசே' என்றும் 'தொசாஜ்ஜோ ஸேரோ' என்றும் எழுதுவார்கள். 6 கிராம் வரை எக்ஸ்ட்ரா ப்ரூட். 12 கிராமுக்குள் ப்ரூட். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா டிரை. 17 முதல் 32 வரை டிரை. 32 முதல் 50 வரை டெமி செக், அல்லது 'அப்பொக்காத்தோ'. அதற்கு மேலே போனால் 'தோல்ச்சே', அதாவது இனிப்பு. லேபிளில் சொன்னதற்கும் பாட்டிலில் இருப்பதற்கும் 3 கிராம் வரை முன்பின் இருக்கலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது.

ஆக, ப்ரூட்டைவிட எக்ஸ்ட்ரா டிரை இனிப்பு. எக்ஸ்ட்ரா டிரையைவிட டிரை இனிப்பு. நான் அந்தப் பெரியவரைப் படிப்படியாக மாடி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், அவர் கீழே இறங்க வேண்டும் என்று கேட்டபோது.

ஏன் இப்படித் தலைகீழாகப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷாம்பெயின் என்பதே பாகு மாதிரி இனிக்கிற பானம். ரஷ்யாவுக்குப் போனதெல்லாம் இன்னும் இனிப்பு. இங்கிலாந்துக்காரர்களுக்கு அவ்வளவு இனிப்பு பிடிக்கவில்லை. அவர்களுக்காகக் குறைத்துச் செய்தபோது 'டிரை' என்று பெயர் வந்தது. இன்னும் குறைத்தபோது 'எக்ஸ்ட்ரா டிரை'. நாக்கு மேலும் மாறி இன்னும் குறைத்தபோது அந்த ஏணியில் வார்த்தை தீர்ந்துபோய், 'ப்ரூட்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இனிப்பின் அளவு நூறு வருடத்தில் எங்கேயோ போய்விட்டது, பழைய பெயர் மட்டும் லேபிளில் தங்கிவிட்டது.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். 100 மில்லி டீக்கு இரண்டு ஸ்பூன் போட்டால் லிட்டருக்கு 80 கிராம் ஆகிறது. நம் ஊர் டீக்கடை டீயோடு ஒப்பிட்டால் டிரை ஒன்றுமே இல்லை. ஒரு கிளாஸ் எக்ஸ்ட்ரா டிரையில் அரை ஸ்பூன்தான் இருக்கும். ஆனால் டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்றால் அது அந்த மாஸ்டரின் மனநிலையைப் பொறுத்தது. இங்கே அதற்குச் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி.

சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் 'செக்கோ' என்ற வார்த்தை மறுபடியும் காலை வாரியது. லம்ப்ரூஸ்கோ என்று எமிலியா பகுதியில் ஒரு சிவப்பு ஒயின் உண்டு, மெலிதாக நுரைக்கும். ஒரு பாட்டிலில் செக்கோ என்று போட்டிருந்தது. செக்கோவும் டிரையும் ஒன்றுதான், 17க்கு மேல், அதனால் இனிப்பாக இருக்கும் என்று ஒரு வாடிக்கையாளரிடம் புது அறிவைக் காட்டினேன். அவர் ஊரே எமிலியாவில் மோதெனா. பொறுமையாகத்தான் திருத்தினார். மெலிதாக நுரைக்கும் ஒயினில் செக்கோ என்றால் 15 கிராமுக்குள். நன்றாக நுரைக்கும் ஒயினில் செக்கோ என்றால் 17 முதல் 32. நுரையே இல்லாத சாதாரண ஒயினில் அதே செக்கோ 4 கிராம், புளிப்பு கூடுதலாக இருந்தால் 9 வரை போகலாம். ஒரே வார்த்தை, மூன்று இடத்தில் மூன்று எண். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வகை நுரை என்பதை.

லம்ப்ரூஸ்கோவில் 'அமாபிலே' என்று ஒன்றும் பார்ப்பீர்கள். அன்பு செலுத்தத் தக்கது என்று அகராதி சொல்லும். ஓரளவு இனிப்பு என்று அர்த்தம். அன்புக்கும் இனிப்புக்கும் நாமும்தான் முடிச்சுப் போடுகிறோம், அதனால் இது மட்டும் உடனே மனதில் நின்றுவிட்டது.

நுரை வகைக்கு வருகிறேன். 'ஸ்புமாந்தே' என்றால் பாட்டிலுக்குள் குறைந்தது 3 பார் அழுத்தம். 'ஃப்ரித்ஸாந்தே' என்றால் 1 முதல் 2.5 பார். கார் டயரில் இருப்பது ஏறக்குறைய ஃப்ரித்ஸாந்தே அழுத்தம். பாட்டிலிலேயே நொதிக்க வைத்த உயர்ந்த வகை ஒயின்களில் 6 பார் கூட இருக்கும். அதனால்தான் ஸ்புமாந்தேயின் காளான் வடிவக் கார்க்கைக் கம்பிக் கூண்டு போட்டுக் கட்டுகிறார்கள். ஃப்ரித்ஸாந்தேக்குப் பல சமயம் ஒரு நூல் கட்டோ சோடா மூடியோ போதும். லேபிளைப் படிக்கும் முன்பே பாட்டிலின் தலையைப் பார்த்துப் பாதி சொல்லிவிடலாம். திறக்கும்போது கார்க்கைத் திருகக் கூடாது, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருக வேண்டும். எங்கள் கடைக் கூரையில் ஒரு வட்டத் தழும்பு இருக்கிறது. அது யார் வேலை என்று இங்கே சொல்லப் போவதில்லை.

அடுத்தது 'புரொசெக்கோ' என்ற நுரைக்கும் ஒயின். பெயரில் செக்கோ இருப்பதால் இனிப்பில்லாத ஒயின் என்று பொருள் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. திரியெஸ்தே நகரத்தின் பக்கத்தில் புரொசெக்கோ என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2009 வரை இந்த ஒயினைச் செய்யும் திராட்சையின் பெயரும் புரொசெக்கோ. அப்படியே விட்டிருந்தால் உலகத்தில் எவன் வேண்டுமானாலும் அந்தத் திராட்சையை நட்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் 2009ல் திராட்சைக்குக் 'கிளேரா' என்ற பழைய பெயரைக் கொடுத்துவிட்டு, புரொசெக்கோவை ஊர்ப் பெயராகச் சட்டத்தில் பூட்டிவிட்டார்கள். வெனெத்தோவிலும் ஃப்ரியூலியிலும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில் விளைந்தால்தான் புரொசெக்கோ. திராட்சையில் குறைந்தது 85 சதவீதம் கிளேராவாக இருக்க வேண்டும்.

இது தெரியாமல் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் புரொசெக்கோ அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தேன். தங்க எழுத்து. 'குவே', 'மில்லெசிமாத்தோ', 'எக்ஸ்ட்ரா டிரை' என்று மூன்று பெரிய வார்த்தைகள். விலை பக்கத்துப் பாட்டிலில் பாதி. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். மறுநாள் காலிப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அதில் புரொசெக்கோ என்ற வார்த்தையே எங்கும் இல்லை என்பது தெரிந்தது. பொடி எழுத்தில் 'வினோ ஸ்புமாந்தே' என்று இருந்தது, அவ்வளவுதான். பொய் எதுவும் எழுதவில்லை. இடத்தின் பெயரைச் சொல்ல உரிமை இல்லாததால், சொல்ல அனுமதி உள்ள மற்ற எல்லாவற்றையும் பெரிதாகச் சொல்லியிருந்தார்கள். 'குவே' என்றால் கலவை. சட்டப்படி அதற்கு எந்தத் தரமும் இல்லை. தங்க எழுத்தையும் அப்படியே கடந்து போங்கள். கழுத்தில் காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், 'ஃபஷெத்தா' என்பார்கள். அரசு அச்சகத்தில் அச்சிட்டது, வரிசை எண் இருக்கும். புரொசெக்கோ என்றால் அது இல்லாமல் வராது.

அந்தப் பட்டையில் டிஓசி அல்லது டிஓசிஜி என்று போட்டிருக்கும். டிஓசி என்பது எந்த இடத்தில், எந்த விதிப்படி விளைந்தது என்பதற்குச் சட்டம் தரும் சான்று, டிஓசிஜி அதைவிடக் கண்டிப்பானது. ஒன்பது மாவட்டத்துச் சமவெளியும் சேர்ந்த பெரிய வட்டம் டிஓசி. கொனெல்யானோவுக்கும் வல்தொப்பியாதெனேவுக்கும் நடுவே உள்ள குன்றுகளும், பக்கத்தில் ஆசோலோவும் டிஓசிஜி. லேபிளில் 'சுப்பெரியோரே' என்று வருவது இந்தக் குன்றுகளிலிருந்து வரும் ஸ்புமாந்தேக்கு. இதை வெறும் பெருமைப் பேச்சு என்று நினைத்திருந்தேன், அந்தக் குன்றில் ஏறும்வரை.

முதலாளியம்மாவின் சொந்த ஊர் வல்தொப்பியாதெனே. செப்டம்பரில் அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். அவருடைய அண்ணன் நிலம். நிலம் என்றா சொல்வது, சுவர் என்று சொல்ல வேண்டும். புல் மூடிய வரப்புகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசைக் கொடி. இயந்திரம் ஏற வழியே கிடையாது. ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் குலையை நறுக்கிக் கூடையில் போட வேண்டும். மதியத்துக்குள் என் முட்டி கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. அந்த அண்ணன் எழுபது வயதில் ஆடு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 2019ல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. "யுனெஸ்கோ ஆட்கள் வந்து பார்த்தார்கள், கூடை தூக்கவில்லை" என்றார் அவர்.

அங்கேதான் 'ரீவே' என்ற வார்த்தையின் அர்த்தம் உடம்பில் ஏறியது. செங்குத்துச் சரிவை அந்த ஊர்ப் பேச்சில் ரீவே என்பார்கள். லேபிளில் 'ரீவே தி' என்று தொடங்கி ஓர் ஊர்ப் பெயர் வந்தால், அந்த ஒரே ஊரின் சரிவிலிருந்து கையால் பறித்த திராட்சை, ஒரே வருடத்து அறுவடை. இப்படி 43 இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கார்தித்ஸே, நான் தம்பதியிடம் கொண்டு போன அதே பெயர். 107 ஹெக்டேர் மட்டுமே. அதைப் பல குடும்பங்கள் துண்டு துண்டாகப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. ஹெக்டேருக்கு டிஓசியில் 18 டன் வரை பறிக்கலாம். குன்றுகளில் 13.5, ரீவேயில் 13, கார்தித்ஸேயில் 12. விலை ஏறுவதற்கு அதுவே பாதிக் காரணம். கார்தித்ஸேயைப் பழைய வழக்கப்படி பெரும்பாலும் டிரையாகத்தான் செய்வார்கள். விலை கூடினால் இனிப்பு குறையும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, நானாகப் போட்ட கணக்கு அது.

ரோஸ் நிறப் புரொசெக்கோ 2020லிருந்துதான் வருகிறது, டிஓசியில் மட்டும். பீனோ நேரோ என்ற சிவப்புத் திராட்சை 10 முதல் 15 சதவீதம் சேர்ப்பார்கள். சுப்பெரியோரேயில் ரோஸ் கேட்டால் கிடையாது.

நுரை எப்படி வந்தது என்பதும் லேபிளில் இருக்கும். ஒயினில் மறுபடியும் ஈஸ்டும் சர்க்கரையும் சேர்த்து மூடி வைத்தால் நுரைக்கும். எதில் மூடி வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். பெரிய எஃகுத் தொட்டியில் என்றால் 'மார்த்தினோத்தி' முறை, 'ஷார்மா' முறை என்றும் சொல்வார்கள். ஆஸ்தியில் இருந்த ஃபெதெரிகோ மார்த்தினோத்தி 1895ல் காப்புரிமை வாங்கினார். பிரான்சின் யூஜீன் ஷார்மா 1907ல் அதை மேம்படுத்தினார். பெயர் பெரும்பாலும் பின்னவருக்குப் போய்விட்டது. முதலாளியம்மா மட்டும் விடாப்பிடியாக மார்த்தினோத்தி என்றே சொல்வார். புரொசெக்கோ பெரும்பாலும் இந்தத் தொட்டி முறைதான். பேரிக்காய், பச்சை ஆப்பிள், வெள்ளைப் பூ வாசனையெல்லாம் அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக நொதிக்க வைத்தால் 'மெத்தொதோ கிளாசிகோ'. செத்த ஈஸ்டோடு மாதக்கணக்கில் கிடப்பதால் சுட்ட ரொட்டியின் வாசனை வந்துவிடும். இதில் பெரிய பெயர் ஃப்ராஞ்சாகோர்த்தா, மிலானுக்குக் கிழக்கே இசேயோ ஏரிக்கரை. குறைந்தது 18 மாதம் ஈஸ்டோடு வைக்க வேண்டும், ரிசெர்வா என்றால் 60 மாதம். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டிலில் மெத்தொதோ கிளாசிகோ என்று தேடினால் இருக்காது. ஃப்ராஞ்சாகோர்த்தா என்ற ஒரு சொல்லே இடம், முறை, ஒயின் மூன்றையும் சொல்லிவிடுவதாகச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதிலேயே 'சாதென்' என்று ஒன்று உண்டு. வெள்ளைத் திராட்சை மட்டும், அழுத்தம் 5 பாருக்குக் குறைவு, நுரை நாக்கில் குத்தாது. முதல் முறை குடிப்பவருக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். வடக்கே மலையில் த்ரெந்தோ டிஓசி, 15 மாதம். பியெமோந்தேயில் ஆல்தா லாங்கா, 30 மாதம்.

'கொல் ஃபோந்தோ' என்று எழுதியிருந்தால் அடியில் வண்டலோடு என்று அர்த்தம். புரொசெக்கோவைப் பாட்டிலிலேயே நொதிக்க விட்டு, வண்டலை எடுக்காமல் விட்டது. பழைய கிராமத்து முறை. கலங்கலாக, சற்றுப் புளிப்பாக இருக்கும். காலையில் இறக்கிய கள்ளைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. முதல் முறை பார்த்த ஒரு சுற்றுலாப் பயணி கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார். அந்த பாட்டிலை அன்று ஊழியர்கள் நாங்கள் முடித்தோம்.

வருடம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எனக்கு நிஜமான நஷ்டம். 'மில்லெசிமாத்தோ' என்றால் லேபிளில் போட்ட வருடத்தின் அறுவடை குறைந்தது 85 சதவீதம். அவ்வளவுதான். நான் அதை வயது ஏற ஏறச் சிறக்கும் என்று எடுத்துக்கொண்டு, முதல் சம்பளத்தில் வாங்கிய மில்லெசிமாத்தோ புரொசெக்கோவைப் பட்டமளிப்பு நாளுக்கென்று அலமாரியில் வைத்தேன். இரண்டு கோடைகாலம் அந்த அறை வெயிலில் வெந்தது. திறந்தபோது 'புஸ்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. பேரிக்காய் வாசனை போன இடத்தில் நைந்த ஆப்பிள் வாசனை. புரொசெக்கோவில் வருடம் போட்டிருப்பது சீக்கிரம் குடி என்று சொல்வதற்கு. வைத்துக் குடிக்க வேண்டும் என்றால் மெத்தொதோ கிளாசிகோ வாங்குங்கள். அதன் பின் லேபிளில் 'ஸ்பொக்கத்தூரா' என்று ஒரு தேதி இருந்தால் கவனியுங்கள். ஈஸ்டை வெளியே எடுத்துக் கடைசிக் கார்க் போட்ட நாள் அது. பாட்டிலின் வயது உங்களுக்கு அங்கிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

எந்தச் சாப்பாட்டுக்கு எது என்பதில் ஒரே ஒரு விதியைத்தான் நான் விடாமல் பின்பற்றுகிறேன். கேக்கோடு ப்ரூட் வைக்காதீர்கள். கிறிஸ்துமஸுக்குப் பனெத்தோனேயோடு எக்ஸ்ட்ரா ப்ரூட் குடித்தபோது எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி இருந்தது. அங்கே 'ஆஸ்தி' அல்லது 'மொஸ்காத்தோ தாஸ்தி' என்ற இனிப்பு ஒயின் வேண்டும். மொஸ்காத்தோவில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை சாதாரணம், ஆல்கஹால் 5 சதவீதம் போல. காரமான பொரியலுக்கு எக்ஸ்ட்ரா டிரை. என் அறையில் மிளகாய்த் தூள் போட்டு மீன் வறுத்த அன்று ப்ரூட் காரத்தைத் தூக்கிவிட்டது, எக்ஸ்ட்ரா டிரை ஆற்றியது. தம்பதிக்கு நான் செய்த தவறு நம் ஊர்ச் சமையலுக்குச் சரியாக இருந்திருக்கும்.

சர்க்கரைக் கணக்கு வேண்டுபவர்களுக்கு இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு உற்பத்தியான ஒயினுக்குச் சத்து விவரமும் சேர்மானமும் கட்டாயம். பெரும்பாலும் பின் லேபிளில் ஒரு கியூஆர் கோடாக இருக்கும். போனைக் காட்டினால் 100 மில்லிக்கு எத்தனை சர்க்கரை என்று வரும். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. எங்கள் கடைக்கு வரும் சர்க்கரை நோயாளி ஒருவர் மெனுவைப் புரட்டும் முன்பே பாட்டிலைக் கேட்டு வாங்கி போனைக் காட்டிவிடுவார்.

அந்தக் கோடுக்குப் பக்கத்தில் 'ஜிஎல் 71' என்று ஒரு குறியீடும் இருக்கும். முதல் ஒரு மாதம் அதை ஏதோ தர வரிசை என்றே நம்பியிருந்தேன். எதைக் குடிப்பது என்று குழம்பிய ஒரு ஜெர்மன்காரரிடம் "இது ஜிஎல் 71, எங்களிடம் இருப்பதில் நல்லது" என்று சொல்லி விற்றும் இருக்கிறேன். பச்சைக் கண்ணாடியை எந்தக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்பதற்கான எண் அது. அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு இரண்டு பாட்டில் வாங்கிப் போனார்.